செவிக்கு இசைந்த கருவி

தமிழகத்தை விட்டு வேற்று மாநிலங்களில் குடியேறி வாழும் நம்மவர்க்குச் செவி என்பது தாய்மண்ணுக்குச் செல்லும் ஒரு வழியாகும். வாழும் ஊரின் கடைத்தெருவும் அலுவலகமும் வேறு மொழியில் இயங்கும்போது, தமிழ்ச் சொல்லும் தமிழ்ப் பாட்டும் பெரும்பாலும் செவி வழியாகவே நம்மை வந்தடைகின்றன. வள்ளுவரும் பொருட்பாலில் ‘கேள்வி’ எனத் தனியோர் அதிகாரம் வகுத்துள்ளார். அத்தகைய செவியைப் பேணும் முறை பற்றியும், அதனுள் நாம் நாள்தோறும் செருகிக்கொள்ளும் இயர்போன் என்னும் சிறு கருவியைத் தேர்ந்தெடுக்கும் முறை பற்றியும் இன்று சில கருத்துகளைக் கூற முற்படுகின்றோம்.

இத்துணைச் சிறு பொருளைப் பற்றிப் பேசுதல் வேண்டுமோ எனச் சிலர் வினவலாம். மும்பையில் சயான் ரயில் நிலையத்தின் மேடையில் காலை எட்டு மணிக்கு நின்று பார்த்தால் அவ்வையம் அகலும். தாராவியிலிருந்தும் கோலிவாடாவிலிருந்தும் வந்து லோக்கல் வண்டிக்குக் காத்திருப்போருள் எத்தனையோ பேர் காதில் ஒரு கருவியைப் பொருத்தியிருப்பர். ஒருவர் திரைப்பாடல் கேட்பார். மற்றொருவர் திருநெல்வேலியிலுள்ள தாயாரோடு பேசுவார். பிறிதொருவர் கச்சேரி கேட்பார். நாள்தோறும் இரண்டு மணி நேரம் காதினுள் குடியிருக்கும் பொருளை, காலுக்குச் செருப்பு வாங்கும் அளவு கவனத்தோடேனும் வாங்குதல் வேண்டும் அன்றோ?

நாம் இன்று சிறப்பாக எடுத்துக்கொள்வது ஒரு குறிப்பிட்ட இடரை. பல்லாண்டு உழைத்த பழைய இயர்போனின் கம்பி ரயில் நெரிசலில் அறுந்துவிடுகின்றது. புதியது ஒன்று வாங்கிப் பொருத்தியதும் சிலர்க்குக் காது கூசுகின்றது. பாட்டு தெளிவாகவே இருக்கின்றது. ஆயினும் ‘ஸ’, ‘ஷ’ என்னும் ஒலிகள் ஊசிபோல் குத்துகின்றன. ஜால்ராவின் ஒலி தலைக்குள் சென்று தைக்கின்றது. அரைமணி நேரத்தில் கருவியைக் கழற்றி வைத்துவிடத் தோன்றுகின்றது. வீட்டாரும் கடைக்காரரும் ‘போகப் போகப் பழகிவிடும்’ என்று கூறி அமைவர். அக்கூற்றில் பாதி உண்மை; மற்றப் பாதி தீங்கானது. எந்தப் பாதி எது என்பதை அறிந்துகொள்ளுதல் நலம்.

காதில் கருவியைப் பொருத்திக் கேட்கும் பழக்கம் புதியதன்று, வானொலியோடு உடன்பிறந்தது. சென்னையில் 1924-ஆம் ஆண்டு கிருஷ்ணசாமிச் செட்டியார் முதலியோர் தோற்றுவித்த சென்னை மாகாண ரேடியோ கழகம் ஒலிபரப்பைத் தொடங்கிய நாளிலும், 1927-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் பம்பாய் நிலையம் தொடங்கிய நாளிலும், படிகப் பெட்டி வைத்திருந்தோர் இரு காதுகளிலும் ஹெட்போனை மாட்டிக்கொண்டே கேட்டனர். பிற்பாடு ஒலிபெருக்கி வந்தது. வீடு முழுவதும் ஒன்றாய் அமர்ந்து கேட்டது. 1979-இல் ஜப்பானிய சோனி நிறுவனம் ‘வாக்மேன்’ என்னும் கருவியை வெளியிட்ட பின்னர்க் கேட்டல் மீண்டும் தனித்தனிக் காதுக்குத் திரும்பியது. காதின் துளையை அடைத்துக்கொண்டு உள்ளே நிற்கும் உயர்தர இயர்போனை அமெரிக்காவில் எட்டிமோட்டிக் என்னும் நிறுவனம் 1991-இல் வெளியிட்டது. இன்று நடைபாதையில் விற்கப்படுவனவும் பெரும்பாலும் அவ்வகையினவே.

இவ்வரலாற்றில் நாம் கருதவேண்டிய செய்தி ஒன்று உளது. மத்திய அலை வானொலியில் ஏறக்குறைய 5,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலி பெரும்பாலும் நேயரை வந்து சேர்வதில்லை. பண்பலையில் அது 15,000 ஹெர்ட்ஸ் வரை எட்டும். இன்றைய இயர்போனோ, மனிதச் செவியின் மேல் எல்லையாகிய 20,000 ஹெர்ட்ஸ் வரையில் ஒலியைக் கொணர்ந்து, செவிப்பறைக்கு ஓர் அங்குல தூரத்தில் வைத்துவிடுகின்றது. மத்திய அலையின் மென்மையான ஒலியில் வளர்ந்த காதுக்கு இது குளிர்ந்த அறையிலிருந்து நண்பகல் வெயிலில் இறங்கியது போன்றதாகும். ஆகையால், காது கூசுகின்றது என்று ஒருவர் கூறினால் அதனை மனப்பிரமை என்று ஒதுக்குதல் தகாது.

இனி, உயர் அதிர்வெண் என்பது யாது எனக் காண்போம். பாட்டில் தார ஸ்தாயியை எட்டுவதே அது எனப் பலர் கருதுவர். அவ்வாறன்று. ஐந்து கட்டைச் சுருதியில் பாடும் பெண்மணியின் மத்திய ஸ்தாயி ஸட்ஜம் 196 ஹெர்ட்ஸ். தார ஸட்ஜம் 392. அதற்கும் மேலே பஞ்சமத்தைப் பிடித்தாலும் 600 ஹெர்ட்ஸை எட்டுவதில்லை. காதைக் கூசச் செய்யும் ஒலிகளோ பெரும்பாலும் 5,000 முதல் 10,000 ஹெர்ட்ஸ் வரையில் உள்ளவை. பாடகரின் நாக்கும் பல்லும் எழுப்பும் சீறொலி, வயலின் வில் நரம்பில் உராயும் ஒலி, கஞ்சிராவின் சல்லரி, ஜால்ராவின் கணகணப்பு ஆகியன அப்பகுதியில் வாழ்கின்றன. ஸ்வரம் அடியில் நிற்க, அதன் மேல் பூசிய மெருகுபோல் இவை நிற்கும். மெருகு அளவோடு இருந்தால் அழகு, மிகுந்தால் கண்கூசும்.

அப்படியாயின் அந்த மேற்பகுதியை அறவே நீக்கிவிட்டால் என்ன? ஈண்டுதான் எச்சரிக்கை வேண்டும். நம் மொழியில் உயிரெழுத்தின் ஆற்றல் கீழ்ப்பகுதியிலும், மெய்யெழுத்துகளை ஒன்றினின்று ஒன்று பிரித்தறியும் குறிப்புகளுள் பல மேற்பகுதியிலும் அமைந்துள்ளன. காலை, சாலை, பாலை என்னும் மூன்று சொற்களில் உயிரொலிகள் யாவும் ஒன்றே. முதலில் நிற்கும் மெய்யின் நொடிப்பொழுது ஒலி ஒன்றே அவற்றை வேறுபடுத்துகின்றது. மேலொலி மங்கினால் பேச்சு கேட்கும், சொல் விளங்காது. சொல் விளங்காதபோது நாம் ஒலியின் அளவைக் கூட்டுவோம். கூட்டினால் காது மேலும் வருந்தும். ஆகவே நமக்கு வேண்டுவது மேலொலியே இல்லாத கருவியன்று. துருத்தி நிற்கும் முனை இல்லாத கருவி.

காது கூசுவதற்குக் காரணம் மூன்றிடங்களில் இருக்கலாம். ஒன்று காது, மற்றொன்று கருவி, பிறிதொன்று நாம் கேட்கும் சூழல். மூன்றையும் பிரித்தறியாது கருவியை மட்டும் மாற்றிக்கொண்டே இருப்போமாயின் பணம் கரையும், இடர் தீராது.

முதலில் காதைக் கொள்வோம். உட்செவியில் நத்தைக் கூடு போன்ற உறுப்பொன்று உளது. அதனுள் ஏறக்குறைய 15,000 மயிர்ச்செல்கள் ஒலியை உணர்கின்றன. இவை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. நத்தைக் கூட்டின் வாயிலருகே உள்ளவை மிக உயர்ந்த ஒலிகளை ஏற்பவை. முதுமையில் முதலில் மங்குவன அவையே. பேரிரைச்சல் முதலில் தாக்குவது 4,000 ஹெர்ட்ஸை அடுத்த பகுதியை. இங்கு ஒரு புதிர் உண்டு. மயிர்ச்செல்கள் நலிந்த காதுக்கு மெல்லிய ஒலி கேட்பதில்லை. ஆயினும் சற்று உரத்த ஒலியோ தாங்கொணாததாகத் தோன்றும். கேட்கும் எல்லைக்கும் வருந்தும் எல்லைக்கும் இடையேயுள்ள வெளி குறுகிவிடுவதே காரணம். ‘சத்தமாகப் பேசு’ என்று கூறிய தாத்தா அடுத்த கணமே ‘ஏன் கத்துகிறாய்?’ என்று சினப்பதற்கு இதுவே காரணம். வேறு சிலர்க்குச் செவித்திறன் குறையாதிருந்தும், பாத்திரம் மோதும் ஒலியும் குழந்தையின் அழுகையும்கூடத் துன்பம் தரும். இவ்விருவகையினரும் கடைக்குச் செல்லுமுன் மருத்துவரிடம் செல்லுதல் வேண்டும்.

இரண்டாவது, கருவி. நம் காதின் துளை ஏறக்குறைய இரண்டரைச் சென்டிமீட்டர் நீளமுள்ள சிறு குழல். ஒருபுறம் திறந்தும், மறுபுறம் செவிப்பறையால் மூடியும் இருப்பது. எந்தக் குழலுக்கும் தனக்கென ஒரு சுருதி உண்டு என்பதைப் புல்லாங்குழலும் நாகசுரமும் நமக்குக் கற்பித்துள்ளன. திறந்த காது 3,000 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலியைத் தானாகவே உயர்த்திக் கேட்கின்றது. இயர்போனைச் செருகி வாயிலை அடைத்ததும் அக்குழலின் இயல்பு மாறிவிடுகின்றது. அதன் புதிய சுருதி பெரும்பாலும் 7,000 முதல் 9,000 ஹெர்ட்ஸ் வரை சென்று நிற்கும். சீறொலி வாழும் பகுதி அதுவேயாதலின், அங்கே ஒரு முனை எழுந்து குத்துகின்றது. ஒவ்வொருவர் காதின் நீளமும் வளைவும் வேறாதலால், ஒரே கருவி தமக்கையார்க்கு இனிதாகவும் தம்பிக்குக் கொடிதாகவும் அமையக்கூடும். பிறர் புகழ்ச்சியை மட்டும் நம்பி இயர்போன் வாங்கலாகாது என்பதற்குக் காரணம் இதுவே.

அன்றியும், பழைய கருவியின் முகப்பிலுள்ள நுண்ணிய வலையில் காதழுக்கு படிந்து அடைத்திருக்கும். அதனால் அதன் மேலொலி சிறிது சிறிதாக மங்கியிருக்கும்; காதும் அம்மங்கலுக்குப் பழகியிருக்கும். அத்தகைய காதுக்குப் புதிய கருவி திடீரெனக் கூர்மையாகத் தோன்றுதல் இயல்பு. ‘போகப் போகப் பழகிவிடும்’ என்பதில் உண்மையான பாதி இதுவே. கருவி ஓட ஓட மென்மையாகும் எனக் கடைக்காரர் கூறுவர். பெரும்பாலும் மாறுவது கருவியன்று, கேட்பவரின் மனமே. ஒரு வாரம் குறைந்த அளவில் கேட்டுப் பார்க்கலாம். ஆனால் வலியோ, கேட்டு முடித்தபின் காதில் ‘கொய்’ என்ற இரைச்சலோ தோன்றினால் ஒரு நாளும் பொறுத்தல் ஆகாது. வலிக்குப் பழகுதல் என்பது செவி இழத்தலுக்குப் பழகுதலாகும்.

மூன்றாவது, சூழல். சயான் என்னும் ஊரை மராத்தியர் ‘சீவ்’ என வழங்குவர். எல்லை என்பது அதன் பொருள். பழைய பம்பாய்த் தீவு முடிந்து சால்செட் தீவு தொடங்கும் எல்லையாக அது விளங்கியது. நகரை விட்டு வடக்கே செல்லும் வழிகள் அங்கே கூடுவதால், மத்திய ரயில்வேயின் தண்டவாளங்களும், லால் பகதூர் சாஸ்திரி சாலையும், கிழக்கு விரைவு நெடுஞ்சாலையும் தத்தம் இரைச்சலை அங்கே கொணர்கின்றன. 2000-ஆம் ஆண்டில் இந்திய அரசு வகுத்த ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபலும் இரவில் 45 டெசிபலும் வரம்பாக விதித்தன. மருத்துவமனை முதலியவற்றைச் சூழ்ந்த அமைதி மண்டலத்திற்குப் பகலில் 50, இரவில் 40. ஊர்திகளின் ஊதல் ஓயாத சாலையில் நிற்பவர்க்கு இவ்வெண்கள் கனவாகவே தோன்றும்.

இவ்விரைச்சலை மீறிப் பாட்டுக் கேட்க வேண்டி நாம் செல்பேசியின் ஒலியளவை ஏற்றுகின்றோம். வீட்டில் இரவு கேட்டபோது இனிமையாயிருந்த அதே பாட்டு, வண்டியின் வாயிலருகே நின்று கேட்கும்போது குத்துவதற்குக் காரணம் இதுதான். உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2019-இல் வெளியிட்ட அளவுகோலின்படி, பெரியவர்கள் 80 டெசிபல் அளவில் வாரத்திற்கு 40 மணி நேரம் கேட்கலாம். சிறுவர்க்கு 75 டெசிபல். மூன்று டெசிபல் ஏறும்தோறும் காலம் பாதியாகக் குறையும் என்பது கணக்கு. அதாவது 83 டெசிபலில் 20 மணி. 86-இல் 10 மணி. 89-இல் 5 மணி மட்டுமே. நாளொன்றுக்கு இரண்டு மணி வீதம் வாரத்தில் ஆறு நாள் ரயிலில் செல்பவர்க்குப் பன்னிரண்டு மணி ஆகிவிடுகின்றது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

ஆகவே, இயர்போனைத் தேர்ந்தெடுக்கையில் நாம் கொள்ளவேண்டிய வரிசை இது: முதலில் பொருத்தம், அடுத்து நாதம், இறுதியாக விலை. நம்மவருள் பலர் இவ்வரிசையைத் தலைகீழாகக் கொள்கின்றனர்.

பொருத்தம் என்பது கருவியின் முனையிலுள்ள சிலிகான் குமிழைப் பற்றியது. பெட்டியில் பெரும்பாலும் மூன்று அளவுகளில் குமிழ்கள் வரும். நடுத்தரமானது கருவியிலேயே மாட்டியிருக்கும். மற்றவற்றைப் பெட்டியோடு எறிந்துவிடுவோரும் உளர். மூன்றையும் மாற்றிப் பார்த்தல் இன்றியமையாதது. வலக்காதுக்கு ஓர் அளவும் இடக்காதுக்கு ஓர் அளவும் பொருந்துதல் உண்டு. குமிழ் காதைச் சுற்றிலும் அடைக்காமல் சிறு இடைவெளி விட்டாலும் கீழொலி வெளியேறிவிடும். மேலொலி மட்டும் எஞ்சி நின்று கூர்மையாகத் தோன்றும். கருவியைப் பழிக்குமுன் இதனைச் சோதித்தல் வேண்டும்.

சோதிக்கும் வழி எளிது. மிருதங்கம் நன்கு ஒலிக்கும் ஒரு தனியாவர்த்தனத்தைக் குறைந்த அளவில் கேட்கலாம். வலந்தலையின் சாப்பு மட்டும் கணீரெனக் கேட்டு, தொப்பியின் கும்கி வற்றிப்போயிருந்தால் காற்று கசிகின்றது என்று அறியலாம். குமிழை மாற்றியோ, காதின் மேல்நுனியைப் பின்னோக்கி உயர்த்திப் பிடித்துக் கருவியை மறுபடி செருகியோ பார்க்கலாம். தொப்பி திரும்பி வந்தவுடன், குத்திய ஒலி பாதி அடங்கியிருத்தலைப் பலரும் உணர்வர். ஒரு காசும் செலவில்லாத மருந்து இது. கருவி சற்றே ஆழமாக அமர்ந்தால் வேறொரு நன்மையும் உண்டு. குழல் குறுகினால் சுருதி ஏறும் அன்றோ? காதில் எஞ்சிய வெளி குறுகுந்தோறும் அந்த முனை மேலே நகர்ந்து, சீறொலியின் பகுதியை விட்டு விலகக்கூடும். ஆயினும் வலிக்கும் அளவிற்கு அழுத்துதல் தவறு.

சிலிகானில் அமைதி காணாதவர்கள் ஃபோம் எனப்படும் மெத்தைபோன்ற குமிழை வாங்கலாம். விரலால் நசுக்கிச் செருகினால் அது காதினுள் மெல்ல விரிந்து இடைவெளியை அடைக்கும். அது மேலொலியைச் சிறிதளவு உறிஞ்சவும் செய்யும். ஆதலின் கூசும் காதுக்கு மிக ஏற்றது. சில திங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருத்தலும், மும்பையின் வியர்வையில் விரைவாய் அழுக்காதலும் அதன் குறைகள். நன்றாகப் பொருந்திய குமிழ் வெளியிரைச்சலையும் பெரிதும் தடுப்பதால், ஒலியளவைக் கூட்டவேண்டிய தேவையே குறைந்துவிடும். பொருத்தத்தை நாம் முதலில் வைத்தமைக்குத் தலையாய காரணம் இதுவே.

வெளியிரைச்சலைத் தானே எதிரொலி எழுப்பி அடக்கும் மின்கருவிகளும் இன்று கிடைக்கின்றன. அவை வண்டியின் உறுமல், மின்விசிறியின் ஓசை முதலிய கீழொலிகளை நன்கு அடக்கும். பிரேக்கின் கிறீச்சொலியையும் ஊதலையும் அடக்குவதில் அவற்றின் ஆற்றல் குறைவு. அவற்றைத் தடுப்பது குமிழின் அடைப்பே. ஆகவே அத்தகைய கருவி வாங்குவோரும் பொருத்தத்தை மறத்தலாகாது.

அடுத்து, நாதம். பெட்டியின் மேல் ‘20 முதல் 20,000 ஹெர்ட்ஸ்’ என்றும், சிலவற்றில் ‘40,000 ஹெர்ட்ஸ்’ என்றும் அச்சிட்டிருப்பர். இவ்வெண்கள் நமக்கு ஒன்றும் உணர்த்துவதில்லை. ஒரு வீட்டில் எத்தனை மாடி உண்டு என்பதை அறிவதால் எந்த மாடியில் கூச்சல் என்பதை அறிய முடியாது. நாம் அறிய வேண்டுவது எப்பகுதி உயர்ந்துள்ளது, எப்பகுதி தாழ்ந்துள்ளது என்பது. இதனைக் காட்டும் அளவுப்படங்களைக் கருவிகளை ஆராய்வோர் வெளியிடுகின்றனர். அவற்றில் 5,000 முதல் 10,000 ஹெர்ட்ஸ் வரை கோபுரம்போல் எழும் முனை இருப்பின் அக்கருவியைத் தவிர்க்கலாம். ஹார்மன் நிறுவனத்து ஷான் ஆலிவ் முதலிய ஆய்வாளர்கள், பெரும்பாலோர் விரும்பும் நாதத்தின் வடிவத்தைக் கண்டறிய 2010-க்குப் பின் பல சோதனைகள் நடத்தினர். அவ்வடிவம் நல்ல தொடக்கம். ஆயினும் பெரும்பாலோர் என்பதில் கூசும் காதினர் அடங்காமலிருக்கலாம்.

விற்பனையாளர் மொழியையும் சற்றே பெயர்த்தறிதல் வேண்டும். ‘மிகத் தெளிவானது’, ‘ஒவ்வொரு நுணுக்கமும் கேட்கும்’, ‘பளிச்சென்று இருக்கும்’ என்று புகழப்படுவன பெரும்பாலும் மேலொலி மிகுந்தவை. ‘வெதுவெதுப்பானது’, ‘மென்மையானது’, ‘நெடுநேரம் கேட்கலாம்’ என்பன நமக்கு வேண்டியவை. உயர்ந்த விலை மென்மைக்கு உறுதி தருவதில்லை. நுணுக்கத்தைக் காட்டும் பொருட்டு மேலொலியை உயர்த்திய விலையுயர்ந்த கருவிகளும் உள.

கடையில் கேட்டுப் பார்க்க வாய்ப்புண்டாயின் நன்கறிந்த பதிவுகளையே கேட்டல் வேண்டும். ஒரு பெண்குரல் கச்சேரி, ஒரு செய்தியறிக்கை, ஜால்ரா ஒலிக்கும் ஒரு பஜனை, இன்றைய திரைப்பாடல் ஒன்று. இவை நான்கும் போதும். முதல் நிமிடத்தில் வியப்பூட்டும் கருவி இருபதாம் நிமிடத்தில் களைப்பூட்டக்கூடும். ஆதலால் இருபது நிமிடமேனும் கேளாமல் முடிவு செய்தல் வேண்டா. காதில் செருகும் பொருளாதலின், தூய்மை கருதிப் பல கடைகள் திரும்பப் பெறுவதில்லை. வாங்குமுன்னரே அதனைக் கேட்டறிதல் நன்று.

சயானிலிருந்து லோக்கலில் தாதர் சென்று, மேற்கு ரயில்வேக்கு மாறி கிராண்ட் ரோடில் இறங்கினால் லாமிங்டன் ரோடு அண்மையில் உளது. மின்னணுப் பொருள்களுக்குப் பெயர்பெற்ற அத்தெருவின் இன்றைய பெயர் டாக்டர் தாதாசாகேப் பட்கம்கர் மார்க். அங்குப் பலவகைக் கருவிகளையும் தனிக் குமிழ்களையும் காணலாம். ரசீதும் உத்தரவாதச் சீட்டும் இன்றி வாங்குதல் எங்கும் தகாது. புகழ்பெற்ற பெயர்களைத் தாங்கிய போலிகள் நடைபாதைகளில் மலிந்துள்ளன. பழைய கருவியின் நாதம் காதுக்கு உகந்ததாயிருந்து, கம்பி மட்டும் அறுந்திருந்தால், அதனைச் செப்பனிட இயலுமா என்று முதலில் வினவுக. கழற்றி மாற்றக்கூடிய கம்பியுடைய கருவிகளும் உள. அடிக்கடி கம்பியை இழப்போர்க்கு அவை சிக்கனமானவை.

வாங்கிய கருவி சிறிதே குத்துமாயின், அதனை எறிந்துவிட வேண்டுவதில்லை. செல்பேசியில் ஈக்வலைசர் என்னும் வசதி உண்டு. ஒலியளவைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு, 4,000 முதல் 10,000 ஹெர்ட்ஸ் வரை படிப்படியாக ஏறும் சோதனை ஒலியைக் கேட்டால், ஓரிடத்தில் அது திடீரெனக் கூர்மையாவதை உணரலாம். அவ்விடத்தை மட்டும் மூன்று அல்லது நான்கு டெசிபல் தாழ்த்துக. மேற்பகுதி முழுவதையும் தாழ்த்தினால் முன்னர்க் கூறியவாறு காலையும் சாலையும் ஒன்றாய் மயங்கும். கறியில் உப்பு மிகுந்தால் உப்பைக் குறைப்போமேயன்றிச் சமையலையே விட்டுவிடுவதில்லை.

கருவியைத் தேர்ந்தபின் அதனைக் கையாளும் முறை பற்றியும் சில கூறுதல் வேண்டும். வாரம் ஒருமுறை குமிழைக் கழற்றிக் கழுவி, நன்கு உலர்த்தி மாட்டுதல் நன்று. பிறர் கருவியைக் காதில் செருகுதல் கூடாது. ஒரு மணி கேட்டால் சில நிமிடமேனும் காதுக்கு ஓய்வு அளித்தல் வேண்டும். அருகிலிருப்பவர் இயல்பாகப் பேசுவதை, கருவியைக் கழற்றிய பின்னும் தெளிவாகக் கேட்க இயலவில்லையெனின், கேட்ட அளவு மிகுதி என்று கொள்க.

யாவற்றினும் முதன்மையான எச்சரிக்கை ஒன்று. நன்றாகப் பொருந்திய இயர்போன் வெளியொலியைத் தடுக்கும். வருகின்ற வண்டியின் ஊதலையும் தடுக்கும். தண்டவாளத்தைக் குறுக்கே கடத்தல் 1989-ஆம் ஆண்டின் ரயில்வேச் சட்டப்படி குற்றம். காதை அடைத்துக்கொண்டு கடத்தலோ உயிரைப் பணயம் வைத்தலாகும். நடைமேம்பாலத்தின் படிகள் களைப்பூட்டுபவை என்பது மெய்யே. ஆயினும் ஊரிலிருந்து பிழைக்க வந்த ஒருவர்க்காக அங்கே ஒரு குடும்பம் காத்திருக்கின்றது. சாலையிலும் தண்டவாளத்தருகிலும் கருவியைக் கழற்றிவிடுதலே அறிவுடைமை.

எத்தகைய கருவியாலும் கூச்சம் தீராதவர்களும், காதில் ஓயாத இரைச்சல் உடையவர்களும், ஒரு காதில் மட்டும் திடீரெனக் கேள்வி குன்றியவர்களும் தாமதியாமல் காது மூக்கு தொண்டை மருத்துவரை நாடுக. திடீரெனக் கேள்வி குன்றுதல் ஒரு நாளும் தள்ளிப்போடத் தக்கதன்று. சயானிலேயே லோகமான்ய திலக் நகராட்சிப் பொது மருத்துவமனை உளது. பாந்திராவில் 1983-இல் நிறுவப்பெற்ற அலி யாவர் ஜங் தேசிய நிறுவனம் செவித்திறன் குறைபாடுகளுக்கெனவே இயங்குகின்றது. கருநாடகத்தில் வாழ்வோர்க்கு மைசூரில் அகில இந்தியப் பேச்சு செவிப்புல நிறுவனம் உண்டு. அமைதியான அறையில் நடைபெறும் வலியற்ற சோதனையினால், எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு கேட்கின்றது என்பதைப் படமாக வரைந்து தருவர். அப்படம் ஒன்று கையிலிருந்தால், கருவி வாங்குதலும் எளிதாகும். காதின் நிலையும் தெரிந்துவிடும்.

நேயர்களே! கூசும் காதை நாம் குறையுடைய காது எனக் கருத வேண்டுவதில்லை. பிறர் தாங்கும் ஒலியை அது தாங்கவில்லை எனின், பிறர்க்குப் பின்னர் வரப்போகும் இடரை அது முன்னரே அறிவிப்பதாகவும் இருக்கலாம். குமிழைப் பொருத்தி, அளவைக் குறைத்து, துருத்திய முனையை மட்டும் தாழ்த்திக் கேட்டால், அதே காது பல்லாண்டு நமக்குத் துணைநிற்கும். அறுபதாம் வயதில் பேரக்குழந்தை தொலைபேசியில் பேசும் மழலையில் ‘தாத்தா’ என்பதும் ‘பாட்டி’ என்பதும் பிரிந்து கேட்க வேண்டுமாயின், அதற்கான சேமிப்பை இன்றே தொடங்குதல் வேண்டும்.